பத்து பெரண்டாம் ஓடுபாதையும் மூன்று லட்சம் ரிங்கிட் கடனும்

எஸ்பிஎம் முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் மலாக்கா இந்தியக் குடும்பங்களில் ஒரு கேள்வி எழும். "பையன் பைலட் படிக்க ஆசைப்படுகிறான், அனுப்பலாமா?" மருத்துவம், சட்டம், ஆசிரியர் பயிற்சி என்றால் விசாரிக்க உறவிலோ கோயில் நிர்வாகத்திலோ ஒருவர் இருப்பார். விமானி படிப்பைப் பற்றி விசாரிக்க ஆள் கிடைப்பது அரிது. இத்தனைக்கும் நாட்டின் மூத்த விமானப் பயிற்சிப் பள்ளிகளுள் ஒன்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

மலேசியன் ஃபிளையிங் அகாடமி 1987இல் தொடங்கப்பட்டது. மலாக்கா நகரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில், பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் அது இயங்குகிறது. அந்த நிலையத்தின் ஓடுபாதை 2,135 மீட்டர் நீளத்துக்கு நீட்டப்பட்டு, புதிய முனையமும் கட்டப்பட்டது. ஆனால் பயணிகள் விமானச் சேவை அங்கு வருவதும் நிற்பதுமாகவே இருந்து வந்திருக்கிறது. செங், டுரியான் துங்கல் வட்டார மக்களுக்கு அன்றாடம் கேட்டுப் பழகிய சத்தம் பெரிய ஜெட் விமானத்தின் சத்தமல்ல, தலைக்கு மேல் வட்டமடிக்கும் சிறிய பயிற்சி விமானங்களின் சத்தம்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆசை வருவதில் வியப்பில்லை.

இப்போது அந்த ஆசைக்குத் தூபம் போடும் செய்திகளும் நிறைய வருகின்றன. கோவிட் காலத்தில் தரையில் நின்ற விமானங்கள் மீண்டும் பறக்கின்றன. விமான நிறுவனங்கள் புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கின்றன. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம் புதிய விமானிகள் தேவை என்று போயிங் நிறுவனம் 2025இல் வெளியிட்ட கணிப்பு கூறுகிறது. பயிற்சிப் பள்ளிகள் இப்படிப்பட்ட எண்களைத்தான் விளம்பரத்தில் முதல் வரியாகப் போடுகின்றன. பொய்யான எண் அல்ல. ஆனால் அதை வெளியிடுவது விமானம் விற்கும் நிறுவனம் என்பதையும், அது உலகம் முழுமைக்கும் இருபது ஆண்டுகளுக்கும் போட்ட கணக்கு என்பதையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். ஜாசினில் இருக்கும் ஒரு பையன் 2028இல் உரிமத்தோடு வெளியே வரும்போது, அந்த ஆண்டு, இந்த நாட்டில் வேலை இருக்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

முன்பு நிலைமை வேறு. மாஸ் விமான நிறுவனம் வளர்ந்து வந்த காலத்தில் விமானிகளைத் தானே தேர்ந்தெடுத்துத் தானே படிக்க வைத்தது. நேர்முகத் தேர்வில் தேறிய இளைஞர் பயிற்சிக்குப் போவார், செலவு நிறுவனத்துடையது, படித்து முடித்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம். தோட்டத்துப் பையனாக இருந்தாலும் நகரத்து டாக்டர் மகனாக இருந்தாலும் தேர்வில் தேறினால் போதும், வீட்டில் பணம் இருக்கிறதா என்ற கேள்வி எழாது. பத்து பெரண்டாமிலிருந்தும் அப்படி நிறுவனங்கள் அனுப்பிய பயிற்சி விமானிகள் பலர் வெளியே வந்திருக்கிறார்கள்.

அந்த ஏற்பாடு முழுக்க மறைந்துவிடவில்லை. ஆனால் 2000களில் மலிவுக் கட்டண விமானச் சேவை பெருகியபோது பயிற்சிப் பள்ளிகளும் பெருகின. லங்காவி, கோத்தா பாரு, கோத்தா கினாபாலு எனப் பல இடங்களில் பயிற்சி கிடைத்தது. அதோடு சேர்ந்து இன்னொரு மாற்றமும் நடந்தது. நிறுவனம் செலவு செய்து படிக்க வைப்பதற்குப் பதில், சொந்தச் செலவில் படித்துவிட்டு வேலை தேடி வருபவர்களின் எண்ணிக்கை கூடியது. விமான நிறுவனத்துக்கு இது லாபம். ஒரு மாணவர் படிப்பை முடிப்பாரா, மருத்துவச் சோதனையில் தேறுவாரா, அவர் முடிக்கும்போது தொழில் எப்படி இருக்கும் என்ற கவலையெல்லாம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நீங்கி அப்பா அம்மாவின் கணக்கில் ஏறிக்கொண்டது. விமானி படிப்பைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். படிப்பு கடினமா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு என்ன சொல்கிறது?

சொந்தச் செலவில் வர்த்தக விமானி உரிமம் பெறுவதற்கான முழுப் பயிற்சிக் கட்டணம் இன்று மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. இது ஏன் இவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். பயிற்சி விமானம், அதன் உதிரிப் பாகங்கள், சிறு விமானங்களுக்கான சிறப்புப் பெட்ரோல் எல்லாமே பெரும்பாலும் அமெரிக்க டாலரில் வாங்கப்படுபவை. 2014இன் நடுவில் ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 20 காசு அளவில் இருந்தது. 2024 பிப்ரவரியில் 4 ரிங்கிட் 80 காசு வரை போனது. பின்னர் ரிங்கிட் ஓரளவு மீண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கட்டணம் ஏறியதில் பள்ளிகளின் பேராசை மட்டும் காரணமல்ல.

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். ஒரு காசும் செலவழிக்காமல் அந்தச் சம்பளத்தை அப்படியே சேர்த்தாலும் மூன்று லட்சம் சேர 14 ஆண்டு 8 மாதம் ஆகும். சேமித்துப் படிக்க வைப்பது தோட்டத் தொழிலாளிக்கோ தொழிற்சாலைத் தொழிலாளிக்கோ நடக்கும் காரியமில்லை. ஆகவே கடன்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா லோரி ஓட்டுநர், மாதம் 3,000. அம்மா ஆயர் குரோ தொழிற்பேட்டையில், மாதம் 1,800. தாமானில் ஒரு வரிசை வீடு, கடன் பாதி அடைபட்டிருக்கிறது. மூன்று லட்சத்தை ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்குக் கடன் எடுத்தால் மாதத் தவணை சுமார் 2,370 ரிங்கிட். இருவர் சம்பளமும் சேர்ந்த 4,800இல் பாதி அதற்கே போய்விடும். பயிற்சிக் காலத்தில் தவணை கட்டவேண்டாம் என்று வங்கி சொன்னாலும் வட்டி நிற்காது. பணத்தைப் பகுதி பகுதியாக எடுத்தால்கூட இரண்டு ஆண்டில் பத்துப் பதினைந்தாயிரம் வட்டியாகவே சேர்ந்துவிடும். இவ்வளவு பெரிய தொகைக்கு வங்கி பிணை கேட்கும். பிணை என்றால் வீடு. இல்லையென்றால் அரசாங்க வேலையில் இருக்கும் மாமாவின் ஜாமீன் கையெழுத்து. ஐம்பது வயதில் எடுக்கக்கூடிய இபிஎஃப் பணத்தின் மீதும் பல வீடுகளில் கண் விழுகிறது.

இதில் இன்னும் ஒரு செலவு சேரவில்லை. பயிற்சிப் பள்ளி தரும் உரிமம் சிறிய விமானங்களில் பெற்றது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானத்தை ஓட்ட அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். வேலைக்கு எடுக்கும் நிறுவனமே அந்தச் செலவை ஏற்றால் சரி. மாணவரையே கட்டச் சொன்னால் மேலும் ஒரு லட்சத்தை ஒட்டிய தொகை. அப்போது மொத்தக் கடன் நான்கு லட்சம், மாதத் தவணை 3,160. சேர்க்கைக் கண்காட்சிகளில் பேசப்படும் கட்டணத்தில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

கூடுதல் மணி நேரமும் அப்படியே. கட்டணத்தில் இத்தனை மணி நேரப் பறத்தல் என்று கணக்கு இருக்கும். ஒரு பயிற்சியில் தேறாவிட்டால் மீண்டும் பறக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு மணி நேரம் கூடினாலே நான்கு இலக்கத்தில் பில் வரலாம். மலாக்காவில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் பார்வைத் தூரம் ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே போனால் வெளியே பார்த்து ஓட்டும் பயிற்சி நின்றுவிடும். 2015, 2019 புகைமூட்டங்கள் இன்னும் நினைவில் இருக்கும். பதினெட்டு மாதத்தில் முடியும் என்று சொல்லப்படும் படிப்பு இரண்டு, இரண்டரை ஆண்டு இழுப்பது இதனால்தான். அந்த நீட்டிப்புக் காலத்துச் சாப்பாடும் வாடகையும் வீட்டுக் கணக்கில்தான் விழும்.

உரிமம் கையில், வேலை எங்கே?

விமானி படிப்பை மற்றப் படிப்புகளோடு ஒப்பிடும்போது பெற்றோர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. கணக்கியல் படித்துவிட்டு மூன்று ஆண்டு வேலை கிடைக்காவிட்டாலும் அந்தப் பட்டம் அப்படியே இருக்கும். விமானி உரிமம் அப்படியல்ல. கருவிகளைப் பார்த்து ஓட்டும் தகுதியை 12 மாதத்துக்கு ஒருமுறை சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ரக விமானத்துக்கான தகுதி பெற்றிருந்தால் அதற்கும் ஆண்டுச் சோதனை. வேலையில் இருப்பவருக்கு இதையெல்லாம் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வேலை இல்லாதவர் கையிலிருந்து பணம் கட்டி, விமானத்தையோ சிமுலேட்டரையோ வாடகைக்கு எடுத்துச் சோதனை கொடுக்க வேண்டும். சம்பளம் இல்லாமல், கடன் தவணையும் கட்டிக்கொண்டு.

புதிதாக உரிமம் பெற்றவரிடம் 150 முதல் 200 மணி நேரப் பறத்தல் அனுபவம் இருக்கும். கேப்டன் ஆவதற்குரிய உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அதற்கான பாடத் தாள்களைப் பயிற்சிக் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். மணி நேரத்தை வேலையில் சேர்ந்துதான் சேர்க்க முடியும். ஆக, முதல் வேலைதான் எல்லாம். அமெரிக்காவில் இளம் விமானிகள் சிறு விமானப் பயிற்றுநராகவும், விளம்பரப் பதாகை இழுக்கும் விமானத்திலும், வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானத்திலும் மணி நேரம் சேர்க்கிறார்கள். மலேசியாவில் அந்த வகை வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இங்கே பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக ஏ320இன் வலது இருக்கை, இல்லாவிட்டால் வீடு.

வீட்டில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். 2010களின் முற்பகுதியில் உரிமம் பெற்றும் வேலையில்லாத விமானிகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகி, அது நாளிதழ்களில் தலைப்புச் செய்தியானது. பயிற்சிப் பள்ளிகள் சேர்த்த வேகத்தில் விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கவில்லை. அதற்குள் 2014 வந்தது. மார்ச் 8இல் எம்எச்370, ஜூலை 17இல் எம்எச்17. மாஸ் மறுசீரமைக்கப்பட்டு, 2015 செப்டம்பரில் புதிய நிறுவனமாக இயங்கத் தொடங்கியபோது சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேர் குறைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு வேலை தேடிய புதிய விமானிக்கு என்ன இடம் இருந்திருக்கும்?

பின்னர் சந்தை மீண்டது, 2018, 2019இல் ஆள் எடுத்தார்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு. வானமே மூடியது. பல ஆண்டு அனுபவமுள்ள கேப்டன்களே நாசி லெமாக் விற்றும், பொருள் விநியோகம் செய்தும், வீடு விற்கும் முகவராகவும் பிழைத்தார்கள். பாதிப் பயிற்சியில் நின்ற மாணவர்களைப் பற்றி அப்போது யாரும் பெரிதாக எழுதவில்லை. பிறகு 2022 டிசம்பரில் மைஏர்லைன் என்ற புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியது. பத்தே மாதம். 2023 அக்டோபர் 12 காலையில் சேவை நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பயணிகளும் ஊழியர்களும் தெருவில் நின்றார்கள்.

பத்தாண்டுக்குள் இத்தனை ஏற்ற இறக்கம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இது காத்திருக்கும் காலம் மட்டுமே. அப்பா இன்னும் இரண்டு ஆண்டு செலவு செய்வார், உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுப்பார், சந்தை திரும்பும்போது பிள்ளை தயாராக இருப்பான். அடமானம் வைத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. மூன்றாவது மாதமே வங்கியிலிருந்து கடிதம் வரும், சிசிரிஸ் பட்டியலில் பெயர் ஏறும், பையன் கிடைத்த வேலைக்குப் போவான், உரிமம் காலாவதியாகும். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே தேர்வில் தேறியவர்களாக இருக்கலாம்.

கனவு காணாதே என்று தோட்டப் பிள்ளைகளிடம் சொல்வதற்காக இதையெல்லாம் அடுக்கவில்லை. அப்படிச் சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவனுக்கு ஆங்கிலம் வராது, விமானம் ஓட்ட முடியாது என்று பேசுவோரும் உண்டு. அது வெறும் பேச்சு. அனைத்துலக விமானிகளுக்கு ஆங்கில மொழித்திறன் ஆறு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது; நான்காம் நிலை போதும். ரேடியோவில் பேசும் ஆங்கிலம் வரையறுக்கப்பட்ட சில நூறு தொடர்கள்தான், பழகினால் வரும். பாடப் புத்தகங்கள் முழுக்க ஆங்கிலம் என்பது உண்மை; அதற்கு இடைநிலைப்பள்ளி ஐந்தாண்டும் இருக்கிறது.

உண்மையான வாசல் படிவம் 4இல் இருக்கிறது. கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றிலும் எஸ்பிஎம் கிரெடிட் இல்லாமல் இந்தத் துறையில் கால் வைப்பது கடினம். பதின்மூன்று, பதினான்கு தாள்கள் கொண்ட உயர்நிலை உரிமத் தேர்வில் வானிலை, விமான இயக்கக் கோட்பாடு, வழிகாணல், எஞ்சின், சட்டம் எல்லாம் உண்டு. அறிவியல் பிரிவு கஷ்டம் என்று பதினாறு வயதில் கணக்கு வைப்பியலுக்குத் தாவிய மாணவர், பதினெட்டு வயதில் விமானி ஆக வேண்டும் என்றால் அப்போது அழுது பயனில்லை. மலாக்காவில் மெர்லிமாவ் முதல் தெபோங் வரை தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் விழாப் போட்டிகளில் பரிசு வாங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் படிவம் 4இல் அறிவியல் பிரிவில் நிற்கிறார்கள் என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எண்ணிப் பார்ப்பது, விமானி கனவைப் பற்றி மேடை போட்டுப் பேசுவதைவிடப் பயன் தரும். பெண் பிள்ளைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். எஸ்பிஎம்மில் பெரும்பாலும் அவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். இந்தியாவில் விமானிகளில் பெண்களின் பங்கு உலகச் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டாவது வாசல் மருத்துவம். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் வர்த்தக விமானி உரிமம் கிடையாது. கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல, நிறக்குருடு தடையாகலாம். இதய ஓட்டச் சோதனை, காது, ரத்தம், சிறுநீர் எல்லாம் உண்டு. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் இந்தச் சோதனையைச் சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன்பே செய்துகொள்ளலாம். சில நூறு ரிங்கிட்டோ ஆயிரத்துச் சொச்சமோ செலவாகும். மூன்று லட்சத்தைக் கட்டிய பிறகு நிறக்குருடு என்று தெரிய வருவதைவிட இது மலிவு. இன்னொன்று: விமானி 65 வயது வரை பறக்கலாம், ஆனால் சோதனையில் தேறிக்கொண்டே இருக்க வேண்டும். நீரிழிவு முற்றி இன்சுலின் போடும் நிலைக்கு வந்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. நாட்டில் நீரிழிவு அதிகமாக இருப்பது இந்தியர்களிடையே என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. இருபது வயதில் கடன் எடுப்பவர் நாற்பத்தைந்து வயது உடம்பையும் சேர்த்துத்தான் அடமானம் வைக்கிறார்.

பணம் எங்கிருந்து வர வேண்டும்?

மாரா கடனுதவி பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. பிடிபிடிஎன் வழக்கமான டிப்ளோமா, பட்டப்படிப்புக் கட்டணத்தை மனத்தில் வைத்து அமைந்தது. விமானப் பயிற்சியின் முழுச் சுமையை அது தாங்காது. இந்தியர்களுக்கு எம்ஐஇடி கல்விக் கடன் உண்டு, மித்ரா உண்டு. மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் நூறு பேரை விமானியாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நூறு பேருக்கு மூன்று கோடி. தனித்து வாழும் தாய்மார்கள், பாலர் பள்ளிகள், சிறுதொழில் என்று காத்திருக்கும் வரிசையைப் பார்த்தால் இது நியாயமாகத் தெரியவில்லை.

ஆனால் பத்துப் பேர் என்றால் 30 லட்சம். ஒதுக்கீட்டில் மூன்று விழுக்காடு. அதுவும் ஒரு விமான நிறுவனம் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, படிப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த பத்துப் பேருக்கு மட்டும். முழுத் தொகையும் கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்தபின் சம்பளத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஐம்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அதனால் நடப்பது, மீதி 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு அந்த ஐம்பது குடும்பங்களும் கடன் வாங்குவதுதான். சிறு உதவி இங்கே உதவியாகாது, கடனுக்குத் தூண்டிலாகிவிடும்.

நிறுவனம் தேர்ந்தெடுப்பது ஏன் முக்கியம் என்றால், அந்தத் தேர்வே ஒரு வடிகட்டி. மனக்கணக்கு, கைக்கண் ஒத்திசைவு, குழுவாகச் செயல்படும் தன்மை, நெருக்கடியில் பேசும் விதம் எல்லாவற்றையும் பல கட்டமாகச் சோதிப்பார்கள். சொந்தப் பணத்தில் சேர்பவருக்கு இந்த வடிகட்டி கடுமையாக இருப்பதில்லை. பணம் கட்டுகிற மாணவரைத் திருப்பி அனுப்ப எந்தத் தனியார் பள்ளிக்கும் மனம் வராது. நிறுவனங்கள் பயிற்சி விமானிகளுக்கு விளம்பரம் செய்யும்போது விண்ணப்பிப்பதற்குச் செலவு அதிகமில்லை. ஒருமுறை தேறாவிட்டால் டிப்ளோமாவோ பட்டமோ படித்துக்கொண்டே மறுமுறை முயலலாம். 18 வயதில் சேராவிட்டால் கதவு மூடிவிடும் என்பது உண்மையல்ல. 24, 25 வயதில் பயிற்சி தொடங்கியவர்கள் கேப்டன்களாக இருக்கிறார்கள். கையில் ஒரு பொறியியல் பட்டம் இருந்தால், வானம் மூடும் ஆண்டில் தரையில் நிற்க ஓர் இடமும் இருக்கும்.

பத்து பெரண்டாமிலேயே இதற்கு அடையாளம் இருக்கிறது. அதே வட்டாரத்தில் சிடிஆர்எம் தொழிற்சாலை, ஏர்பஸ், போயிங் விமானங்களுக்கான கலப்புப் பொருள் பாகங்களைத் தயாரிக்கிறது. 1990களில் ஈகள் 150 என்ற சிறு விமானம் தொடர்பான பணிகளோடும் இந்த வட்டாரத்தின் பெயர் சேர்ந்திருந்தது. மேலே பறப்பதைப் பார்த்து ஏங்கும் கண்களுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கைப் பாகம் செய்யும் வேலை தெரிவதில்லை.

2024 ஆகஸ்ட்டில் மலேசியா ஏர்லைன்ஸ் தன் பயணச் சேவைகளை ஆண்டிறுதி வரை குறைத்தது. விமானங்களில் தொடர்ந்து தொழில்நுட்பக் கோளாறுகள் ஏற்பட்டன. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், அந்நிறுவனத்தின் இயக்குநர் சான்றிதழ் மூன்றாண்டுக்குப் பதில் ஓராண்டுக்கே வழங்கப்படும் என்று அறிவித்தார். அப்போது வெளிப்பட்ட பெரும் குறைகளில் ஒன்று, அனுபவமுள்ள பராமரிப்புத் தொழில்நுட்பர்கள் வேறு நிறுவனங்களுக்குப் போய்விட்டது. போயிங்கின் அதே 2025 கணிப்பில், விமானிகளைவிடத் தொழில்நுட்பர்கள் தேவை அதிகம்: 7 லட்சத்து 10 ஆயிரம். பந்திங் பாலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்பு டிப்ளோமா உண்டு, அரசாங்கக் கட்டணம். யுனிகேஎல்லின் விமானத் தொழில்நுட்பக் கழகத்திலும் படிக்கலாம், அதற்கு பிடிபிடிஎன் கேட்கலாம். உரிமம் பெற்ற விமானப் பொறியாளராக ஆக ஆண்டுகள் பிடிக்கும்; கையில் கிரீஸ் ஒட்டும்; சீருடையில் நான்கு தங்கப் பட்டை இருக்காது. ஆனால் படிக்கும்போது வீடு அடமானத்தில் போகாது. அந்த வேலையில் இருந்துகொண்டே பின்னாளில் விமானி பயிற்சித் தேர்வு எழுதுவோரும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் சொந்தச் செலவில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் குடும்பம், கையெழுத்துக்கு முன் பள்ளியிடம் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கட்டணத்தில் எத்தனை மணி நேரம் அடக்கம், கூடுதல் மணி நேரத்துக்கு என்ன விலை, மறுதேர்வுக்கு எவ்வளவு. கடந்த இரண்டு ஆண்டுகளில் முடித்த சொந்தச் செலவு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இன்று விமான நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறார்கள். நிறுவனம் அனுப்பிய மாணவர்களையும் சேர்த்துச் சொல்லும் விழுக்காடு பயனற்றது, அவர்களுக்கு வேலை முன்பே உறுதி. பயிற்சி விமானங்கள் எத்தனை, இன்று பறக்கும் நிலையில் எத்தனை. பாதியில் மருத்துவச் சான்றிதழ் ரத்தானால், அல்லது பள்ளி இயங்க முடியாமல் போனால், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டால் மறுத்து, பயிற்சிக் கட்டத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுவதாகச் சொல்ல வேண்டும். கட்டணம் மலிவு என்று வெளிநாட்டில் பயிற்சிக்கு அனுப்ப நினைப்பவர்கள், அந்த உரிமத்தை மலேசிய உரிமமாக மாற்றுவதற்கான தேர்வுகளையும் செலவையும் ஆணையத்திடமே நேரில் விசாரிக்க வேண்டும், முகவரிடம் அல்ல.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பள்ளி முகம் சுளிக்காது. கண்காட்சிக் கூடத்தில், பின்னணியில் விமானப் படமும், பையனின் தோளில் இரவல் சீருடையும், "இன்றே பதிந்தால் கழிவு" என்ற அட்டையும் இருக்கும்போது கேட்பதுதான் சிரமம். அதனால் வார நாளில், சாதாரண உடையில், பத்து பெரண்டாமுக்கோ வேறெங்கோ நேரில் போய், வகுப்பு முடிந்து வெளியே வரும் மாணவர்களிடம் பேசிவிட்டு வருவது நல்லது. கடைசியாக எப்போது பறந்தாய் தம்பி என்று கேட்டால் அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.